ஸ்டோரேஜுக்குத் தனி வழி: சுவிட்சில் வீலான் போடுவது எப்படி

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் அலுவலகம். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கான சுங்கக் காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். கீழ்த்தளத்தில் 14 கணினி, 2 சர்வர், ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் செருகிப் பல கணினிகளும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி), பேக்கப்புக்கென்று ஒரு பழைய கணினி. மாடியில் இன்னொரு சின்ன சுவிட்ச், அதிலிருந்து கேமராக்கள். எல்லாம் கடைசியில் கீழே இருக்கும் ஒரே 24 போர்ட் சுவிட்சில்தான் வந்து சேர்ந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு பேக்கப் ஓட ஆரம்பித்தால் போதும், ஆளுக்கு ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஸ்கேன் செய்த பில் திறக்காது. சர்வரில் ஓடும் கணக்கு மென்பொருள் அப்படியே உறைந்து நிற்கும். கேமரா படம் விட்டு விட்டு வரும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னா தம்பி, நெட்டு ஸ்லோன்னு லைனையே டபுள் ஸ்பீடுக்கு மாத்திட்டேன். அப்பவும் அதே கதைதான்" என்றார்.

"வெளிய போற லைன்ல கோளாறு இல்ல அண்ணே. உள்ளயே ஒரே ரோட்டுல கன்டெய்னர் லாரியும் ஷேர் ஆட்டோவும் போயிட்டிருக்கு."

அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நின்றால், திருவொற்றியூரிலிருந்து வரும் பஸ்ஸும் பள்ளி வேனும் என்ன பாடுபடும் என்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியாததா?

அந்த அலுவலகத்தில் செய்த வேலையை வைத்தே, வீலான் என்றால் என்ன, ஸ்டோரேஜ் போக்குவரத்துக்கு அது ஏன் தேவை, சுவிட்சில் அதை எப்படி அமைப்பது என்று முதல் தடவை செய்பவருக்காக எழுதுகிறேன். சுவிட்ச் எது, ஐபி முகவரி எது, பிங் எதற்கு என்று தெரிந்திருந்தால் போதும்.

கன்டெய்னர் லாரி யார்?

நெட்வொர்க்கில் போகும் பெரும்பாலான விஷயங்களுக்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. ஒரு வலைப்பக்கம் அரை நொடி தாமதமாக வந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. பிரின்டருக்குப் போகும் காகிதம் இரண்டு நொடி கழித்துப் போனாலும் பரவாயில்லை.

ஸ்டோரேஜ் அப்படி இல்லை. ஐஸ்கசி என்று ஒரு முறை இருக்கிறது. சர்வரின் டிஸ்க் உண்மையில் நாஸ் பெட்டிக்குள் இருக்கும். நடுவில் நெட்வொர்க் கேபிள்தான். ஆனால் சர்வரைப் பொறுத்தவரை அது தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க். தரவைக் கேட்டால் சுழலும் டிஸ்க் என்றால் சுமார் 10 மில்லி நொடியில், எஸ்எஸ்டி என்றால் ஒரு மில்லி நொடிக்குள் பதில் வரும் என்றே அது எதிர்பார்க்கும். இந்த இடத்தில் நெரிசல் வந்து ஒரே ஒரு பாக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வரிசையின் கடைசிப் பாக்கெட்டாக இருந்தால், தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் டிசிபி, லினக்ஸில் அதை மறுபடி அனுப்புவதற்கு முன் 200 மில்லி நொடி அளவுக்குக்கூடக் காத்திருக்கலாம். 10 மில்லி நொடியில் முடிய வேண்டிய வேலை இருபது மடங்கு இழுத்துவிட்டது. இப்படி நூறு இடத்தில் நடந்தால் கணக்கு மென்பொருள் உறையாமல் என்ன செய்யும்?

தாமதம் இன்னும் நீண்டால் பிரச்சினையும் பெரிதாகும். லினக்ஸ் வழக்கமாக ஒரு டிஸ்க் கட்டளைக்கு 30 நொடி பொறுக்கும். விண்டோஸ் 60 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடும். லினக்ஸ் சர்வர்களில் டிஸ்க் பிழை வந்ததும் கோப்பு அமைப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். டிஸ்கில் ஒரு குறையும் இருக்காது. ரோடுதான் அடைத்திருக்கும்.

நெரிசல் எங்கே உண்டாகிறது என்பதையும் பார்த்துவிடலாம். இரண்டு சர்வரும் ஐந்து கணினியும் ஒரே நேரத்தில் நாஸிடம் எழுதுகின்றன. ஏழு போர்ட் வழியாக உள்ளே வருவது எல்லாம் நாஸ் செருகியிருக்கும் ஒரே போர்ட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ள சுவிட்சுக்குள் சிறிது நினைவகம் உண்டு. அலுவலகங்களில் நாம் வாங்கும் விலைக்கு அந்த இடம் மிகக் கொஞ்சம். நிரம்பியதும் சுவிட்ச் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும், யாருடையது என்று பார்க்காது.

வீலான் என்ன செய்கிறது

வீலான் என்பது விர்ச்சுவல் லேன் என்பதன் சுருக்கம். ஒரே சுவிட்ச் பெட்டியை உள்ளுக்குள் பல சுவிட்சாகப் பிரிப்பது. 19 முதல் 22 வரையுள்ள போர்ட்டுகள் ஒரு வீலான், மற்றவை வேறு வீலான் என்று சொல்லிவிட்டால், அந்த நான்கு போர்ட்டுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழும்பிவிடும். பக்கத்து பக்கத்துப் போர்ட்டாக இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காது. நடுவில் ஒரு ரூட்டர் வேண்டுமென்றே வழி திறந்தால் தவிர.

வீலான் இல்லாத சுவிட்சில் ஒரு கணினி "இந்த ஐபி யாருடையது?" என்று கூவினால், அந்தக் கூவல் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். பிராட்காஸ்ட் என்பது இதுதான். புதிதாக வரும் கைப்பேசி ஐபி கேட்பதும், பிரின்டர் தன் இருப்பை அறிவிப்பதும் இப்படித்தான். ஐம்பது கருவி இருக்கும் இடத்தில் ஐம்பதும் கூவும், ஐம்பதும் கேட்கும். வீலான் போட்டால் கூவல் அந்தச் சுவருக்குள்ளேயே நின்றுவிடும்.

இதற்கான பொது விதிமுறை 802.1க்யூ. மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ அதை 1998-ல் வெளியிட்டது. கேபிளில் போகும் தரவுப் பொட்டலத்துக்கு ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் நீளமுள்ள ஒரு சீட்டைச் செருகுவதுதான் அதன் வழி. அந்தச் சீட்டுக்குப் பெயர் டேக். அதில் 12 பிட் வீலான் எண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறது. 12 பிட் என்றால் 4096 எண். முதலும் கடைசியுமான 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால், நாம் பயன்படுத்தக்கூடியது 1 முதல் 4094 வரை. புது சுவிட்சில் எல்லாப் போர்ட்டும் பொதுவாக வீலான் 1-ல் இருக்கும்.

துறைமுக கேட்டை நினைத்துக்கொண்டால் டேக் புரியும். உள்ளே நுழையும் வண்டிக்கு கேட்டில் ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். உள்ளே எந்த யார்டுக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். வெளியே வரும்போது அதை வாங்கிக்கொள்கிறார்கள். சாதாரணக் கணினி செருகும் போர்ட்டும் இதே மாதிரிதான். கணினிக்கு டேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது அனுப்பும் ஃபிரேம் உள்ளே வந்ததும் சுவிட்ச் தன் கணக்கில் "இது வீலான் 10" என்று குறித்துக்கொள்ளும். வெளியே அனுப்பும்போது சீட்டு இல்லாமல் அனுப்பும். இதற்கு ஆக்சஸ் போர்ட் என்றும் அன்டேக்டு போர்ட் என்றும் பெயர்.

இரண்டு சுவிட்சை இணைக்கும் கேபிளில் மட்டும் பல வீலான்களின் ஃபிரேம்கள் கலந்து போகும். எது எந்த வீலான் என்று எதிர்முனைக்குத் தெரிய வேண்டுமே! அதனால் அங்கே சீட்டோடுதான் அனுப்ப வேண்டும். அது டேக்டு போர்ட், அல்லது ட்ரங்க் போர்ட். டேக் இல்லாத ஃபிரேம் ஒன்று அந்தப் போர்ட்டுக்கு வந்தால் அதை எந்த வீலானில் சேர்ப்பது என்பதற்கு நேட்டிவ் வீலான் என்று ஒரு எண் உண்டு. இரண்டு முனையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சுகளில் ட்ரங்க் என்றால் மேலே சொன்னதுதான். வேறு சில தயாரிப்புகளின் திரையில் ட்ரங்க் என்ற சொல், இரண்டு மூன்று கேபிளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவதைக் குறிக்கும். அங்கே போய் "ட்ரங்க்" என்பதை அழுத்தினால் நினைத்தது நடக்காது. சொல்லைப் பார்க்காமல், அந்தப் பக்கத்தில் வீலான் எண் கேட்கிறதா, போர்ட்டுகளைச் சேர்க்கச் சொல்கிறதா என்று பாருங்கள்.

கோடு போட்டால் சாலை அகலமாகாது

வீலான் பற்றி எழுதும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான் இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீலான் வேகம் தராது. பிரிவினை மட்டுமே தரும். சாலையில் வெள்ளைக் கோடு போட்டு லாரிக்கு ஒரு பக்கம், பஸ்ஸுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கலாம். சாலையின் அகலம் அதேதான். ஒரே 1 ஜிகாபிட் கேபிளில் அலுவலக வீலானையும் ஸ்டோரேஜ் வீலானையும் சேர்த்து அனுப்பினால், ஒன்று நிரம்பும்போது மற்றதும் திணறும். மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு 2009-ல் அடிக்கல் நாட்டிய பறக்கும் சாலைத் திட்டம் எதற்காக வந்தது? சரக்கு லாரிக்குத் தனிச் சாலையே வேண்டும் என்றுதானே. நம் ஊரில் அந்தச் சாலைக்குக் காத்திருந்தே வருடங்கள் ஓடிவிட்டன. அலுவலகத்துக்குள் அந்தக் கஷ்டம் கிடையாது. தனிச் சாலை என்றால் ஒரு தனி கேபிளும் ஒரு தனி போர்ட்டும்தான்.

ஆகவே ஸ்டோரேஜுக்கு முதலில் செய்ய வேண்டியது, சர்வரிலும் நாஸிலும் அதற்கென்றே ஒரு லேன் போர்ட் ஒதுக்குவது. பெரும்பாலான சர்வரிலும், கொஞ்சம் நல்ல நாஸிலும் இரண்டு லேன் போர்ட்டாவது இருக்கும். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று ஸ்டோரேஜுக்கு. இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகினாலும் அந்த ஓட்டங்கள் கலக்காமல் பார்த்துக்கொள்வது வீலானின் வேலை.

உங்களிடம் ஒரே சர்வர், ஒரே நாஸ் என்றால் வீலானே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நேராக ஒரு கேபிள் போட்டு, இரண்டு முனையிலும் தனி ஐபி கொடுத்துவிடுங்கள். சுவிட்ச் நடுவில் வராததால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. மூன்றாவது கருவி வரும்போதுதான் ஸ்டோரேஜுக்கு சுவிட்ச் தேவைப்படுகிறது. ராயபுரத்தில் இரண்டு சர்வர், நாஸ், பேக்கப் கணினி என்று நான்கு இருந்தன.

முதலில் காகிதம்

சுவிட்சைத் தொடும் முன் ஒரு காகிதத்தில் எழுதினோம். வீலான் 10 அலுவலகம், ஐபி 192.168.10 என்று தொடங்குவது. வீலான் 20 கேமரா, 192.168.20. வீலான் 50 ஸ்டோரேஜ், 192.168.50. வீலான் எண்ணையும் ஐபியின் மூன்றாம் எண்ணையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் பார்த்தவுடன் விளங்கும். ஸ்டோரேஜுக்கு வீலான் 1-ஐ வைக்காதீர்கள். புதிதாக எதைச் செருகினாலும் அது முதலில் 1-ல்தான் போய் விழும்.

அப்புறம் போர்ட் கணக்கு. 1 முதல் 14 வரை கணினிகள், வீலான் 10. 15-ல் நாஸின் அலுவலகக் கால் (அலுவலகத்துக்கான லேன் போர்ட்டைத்தான் கால் என்கிறேன்), 16, 17-ல் சர்வர்களின் அலுவலகக் கால், இவையும் 10. 18-ல் கேமரா ரெக்கார்டர், வீலான் 20. 19, 20-ல் சர்வர்களின் ஸ்டோரேஜ் கால், 21-ல் நாஸின் ஸ்டோரேஜ் கால், 22-ல் பேக்கப் கணினி. இந்த நான்கும் வீலான் 50. 23 மாடி சுவிட்சுக்கு, 24 ரூட்டருக்கு. இவை இரண்டிலும் 10, 20 மட்டும் டேக்டாகப் போகும்.

50 அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாடியில் ஸ்டோரேஜ் கருவி எதுவும் கிடையாது, பிறகு அதற்கு அங்கே என்ன வேலை? பல சுவிட்சுகளில் ட்ரங்க் போர்ட் என்று அமைத்தவுடன் எல்லா வீலானையும் தானாகவே அனுமதித்துவிடும். வேண்டியதை மட்டும் விட்டு மற்றதை நீக்க வேண்டியது நம் பொறுப்பு. ரூட்டரிலும் வீலான் 50-க்கு முகவரி கொடுக்கவே கூடாது. ரூட்டருக்கு அங்கே ஒரு கால் இருந்தால், அது உடனே மற்ற வீலான்களிலிருந்து வழி காட்ட ஆரம்பித்துவிடும். ஸ்டோரேஜ் கால்களில் கேட்வே முகவரியும், அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போக வழிகாட்டும் ரூட்டரின் முகவரியும், போடக் கூடாது. ஐபியும் சப்நெட் மாஸ்க்கும் போதும்.

சுவிட்சில் கை வைப்பது

சுவிட்ச் மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் வகையாக, அதாவது உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சாதாரண சுவிட்சில் வீலான் போட வழியில்லை. வேலையை அலுவலகம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சர்வர்களில் ஐஸ்கசி டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றை முறையாக நிறுத்திவிட்டுத்தான் கேபிளைப் பிடுங்க வேண்டும். இப்போதுள்ள அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து உங்கள் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 10, 20, 50 என்று மூன்று வீலானையும் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுங்கள். உருவாக்குவதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. அடுத்து 19 முதல் 22 வரையுள்ள போர்ட்டுகளை வீலான் 50-ல் அன்டேக்டாகச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ மாதிரி கட்டளை வரி உள்ள சுவிட்சில் போர்ட்டை ஆக்சஸ் என்று சொல்லி எண் கொடுத்தால் முடிந்தது. வலைப்பக்கம் வழியாக அமைக்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளில்தான் ஆரம்பக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். அங்கே இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று, எந்த வீலான் எந்தப் போர்ட் வழியாக வெளியே போகலாம், டேக்கோடா இல்லாமலா என்பது. இன்னொன்று பிவிஐடி. போர்ட்டுக்குள் டேக் இல்லாமல் வரும் ஃபிரேமை எந்த வீலானில் சேர்ப்பது என்பதை அதுதான் சொல்லும். முதல் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு பிவிஐடியை 1-லேயே விட்டுவிட்டால், வெளியே போவது 50, உள்ளே வருவது 1. ஒரு வழிப் பாதை ஆகிவிடும். நாஸ் பேசும், சர்வருக்குக் கேட்காது. அதோடு அந்தப் போர்ட்டுகளை வீலான் 1-லிருந்து நீக்கவும் மறக்காதீர்கள்.

ஸ்டோரேஜ் சரியாக வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மற்ற போர்ட்டுகளைத் தொட வேண்டும். காரணம் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் தண்டையார்பேட்டையில் ஒரு இடத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். நான் எந்தப் போர்ட் வழியாக சுவிட்சுக்குள் நுழைந்திருந்தேனோ அதுவும் வேறு வீலானுக்குப் போய்விட்டது. சுவிட்சின் நிர்வாக முகவரி பழைய வீலான் 1-லேயே இருந்தது. மறுபடி உள்ளே போக வழியே இல்லை. சுவிட்சை ரீசெட் செய்து, முதலிலிருந்து எல்லாம் அமைத்து முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்தக் கடைக்காரர் பொறுமையாகக் கூடவே உட்கார்ந்திருந்தார் என்பதை இன்றும் மறக்கவில்லை. சுவிட்சின் நிர்வாக முகவரி எந்த வீலானில் இருக்கப் போகிறது, உங்கள் லேப்டாப் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்ற இரண்டையும் காகிதத்தில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். நிர்வாக வீலானை மாற்றும் வேலை கடைசியாக வரட்டும்.

நான்கு ஸ்டோரேஜ் போர்ட்டிலும் இன்னொரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும். சுவிட்சுகள் கேபிள் வளையமாகிவிடாமல் காக்க ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதன் பழைய வடிவத்தில், ஒரு போர்ட்டில் கேபிள் உயிர்பெற்றதும் 15 நொடி கேட்டு, இன்னொரு 15 நொடி கற்று, அதன் பிறகே போக்குவரத்தை விடும். மொத்தம் 30 நொடி. லினக்ஸ் ஒரு டிஸ்க் கட்டளைக்குக் காத்திருக்கும் நேரமும் 30 நொடி என்று முன்னால் பார்த்தோம் அல்லவா? நாஸ் ஒரு தடவை மறுதொடக்கம் ஆகி வரும்போது இந்த அரை நிமிடமும் கூடச் சேர்ந்து சர்வரை வீழ்த்திவிடும். ஆகவே கருவிகள் நேராகச் செருகியிருக்கும் போர்ட்டுகளில் எட்ஜ் போர்ட் அல்லது போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். சுவிட்சோடு சுவிட்சை இணைக்கும் போர்ட்டில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் சேமிக்கவும். பல சுவிட்சுகளில் நீங்கள் செய்த மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும், ஆனால் நிரந்தர நினைவகத்தில் எழுதப்படாது. ஒரு கரன்ட் கட் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். நம் பகுதியில் கோடைக்கால இரவு எப்படி என்று தெரியும்தானே.

நாஸ் பக்கத்தில்

சுவிட்ச் சரியாக அமைந்தாலும் பாதி வேலை நாஸில் இருக்கிறது. அதன் இரண்டு கால்களுக்கும் ஒரே 192.168.10 வரிசையில் ஐபி கொடுத்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படிக் கொடுத்தால் ஒரு கால் வழியாக வந்த கேள்விக்கு இன்னொரு கால் வழியாகப் பதில் போகலாம். வீலான் பிரித்ததே வீண். ஒரு காலுக்கு 192.168.10.20, இன்னொன்றுக்கு 192.168.50.20 என்று வெவ்வேறு வரிசை கொடுங்கள்.

அடுத்தது ஐஸ்கசி சேவை. வழக்கமாக அது நாஸின் எல்லாக் கால்களிலும் 3260 என்ற போர்ட் எண்ணில் காத்திருக்கும். சர்வர் "உன்னிடம் என்ன டிஸ்க் இருக்கிறது?" என்று கேட்டால், நாஸ் தன் இரண்டு முகவரியையும் சொல்லும். சர்வர் அலுவலக முகவரியைப் பிடித்துக்கொண்டால், நாம் இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தனி வழி காலியாகக் கிடக்க, பழைய நெரிசலிலேயே எல்லாம் ஓடும். ராயபுரத்தில் முதல் நாள் இரவு ஒரு சர்வர் இப்படித்தான் செய்தது. 15-ஆம் போர்ட்டின் விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஐஸ்கசி சேவையை 192.168.50.20-ல் மட்டும் கட்டிவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும். இன்னொரு நன்மையும் உண்டு: அலுவலகக் கணினி ஒன்றில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தாலும், சர்வர்களின் டிஸ்கையும் பேக்கப் கணினியையும் நேராகத் தொட அதற்கு வழி இருக்காது. ஆனால் இது பூட்டு ஆகாது, சுவர் மட்டுமே. ஐஸ்கசி வழக்கமாகத் தரவை மறையாக்கம் செய்வதில்லை. குறைந்தது சாப் என்ற கடவுச்சொல் முறையையாவது இயக்கி வையுங்கள்.

ஜம்போ ஃபிரேம் பற்றி

ஸ்டோரேஜ் வீலான் என்றதும் எல்லோரும் கேட்பது இது. சாதாரண ஈதர்நெட் ஃபிரேம் 1500 பைட் சரக்கு ஏற்றும். அதை 9000 ஆக்கினால் ஜம்போ. 1500-ல், டிசிபி தலைப்புகளையும் கம்பியில் விடும் இடைவெளியையும் கழித்தால் சுமார் 95 சதவீதம் உண்மையான தரவு. 9000-ல் சுமார் 99. வேகத்தில் லாபம் அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்துப் பார்க்கும் வேலை ஆறில் ஒரு பங்காகக் குறைவது சர்வருக்குக் கொஞ்சம் ஆறுதல். 10 ஜிகாபிட்டில் அது உணரும்படி இருக்கும், 1 ஜிகாபிட்டில் அவ்வளவாக இருக்காது.

ஆபத்தோ பெரிது. வழியில் இருக்கும் எல்லோரும் 9000 ஏற்க வேண்டும்: சர்வர், சுவிட்ச், நாஸ், பேக்கப் கணினி. நடுவில் சுவிட்ச் மட்டும் 1500-ல் நின்றால் சாதாரண பிங் போகும், உள்நுழையலாம், சின்னக் கோப்பும் திறக்கும். பெரிய கோப்பை எழுதும்போது மட்டும் அப்படியே நிற்கும். இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதிக்க எளிய வழி உண்டு. துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். 9000-ல் ஐபி தலைப்புக்கு 20, பிங் தலைப்புக்கு 8 போக மிச்சம் 8972. அது போய்ப் பதில் வந்தால் வழி முழுக்க ஜம்போ. வராவிட்டால் எங்கோ ஒரு இடம் குறுகலாக இருக்கிறது. சுவிட்சில் 9000 என்று போடாமல் அது தரும் பெரிய அளவை, பலவற்றில் 9216, வைத்துவிடுங்கள். அங்கே கூடுதலாக இருப்பதில் தவறில்லை.

ராயபுரத்தில் நான் 1500-லேயே விட்டேன். அங்கே எல்லாம் 1 ஜிகாபிட். முதல் தடவை வீலான் போடுபவருக்கும் இதையே சொல்வேன். முதலில் பிரிப்பது நன்றாக ஓடட்டும், ஒரு மாதம் கழித்து ஜம்போவைப் பார்க்கலாம்.

சோதனை

இரண்டு வகையாகச் சோதிக்க வேண்டும். போக வேண்டியது போகிறதா என்பது ஒன்று. சர்வரிலிருந்து 192.168.50.20-க்கு பிங் அடித்தால் பதில் வர வேண்டும். போகக் கூடாதது நிற்கிறதா என்பது இன்னொன்று. இதைத்தான் பலர் செய்வதில்லை. வரவேற்பில் இருக்கும் கணினியிலிருந்து அதே முகவரிக்கு பிங் அடியுங்கள், பதில் வரவே கூடாது. வந்தால் ரூட்டர் எங்கோ வழி விட்டிருக்கிறது. மாடியிலிருந்தும், கேமரா வீலானிலிருந்தும் ஒரு தடவை.

அப்புறம் வேகம். ஐபெர்ஃப் என்ற இலவசக் கருவியை சர்வரிலும் பேக்கப் கணினியிலும் ஓட்டினால் 1 ஜிகாபிட் கேபிளில் சுமார் 940 மெகாபிட் காட்ட வேண்டும். பெரிய கோப்பை நகலெடுத்தால், டிஸ்க் ஈடுகொடுத்தால், நொடிக்கு 110 மெகாபைட் பக்கம் வரும். 90 மெகாபிட் பக்கம் நின்றால் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி சரியாக இல்லை, இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எத்தனை பாக்கெட் விழுந்தது, எத்தனை சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த ஃபிரேம்) என்று எண்ணிக்கை இருக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்று பட்டுப்பட்டு கேபிளின் ஆர்ஜே45 முனையில் இருக்கும் உலோகம் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. சிஆர்சி எண் ஏறிக்கொண்டே போனால் அமைப்பை நோண்டாமல் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் முன்னேற விரும்புபவர்களுக்கு ஒன்று. நாஸிலும் சர்வரிலும் ஸ்டோரேஜுக்கு இரண்டு இரண்டு கால் கிடைத்தால், ஐஸ்கசிக்கு அவற்றை ஒன்றாகக் கட்டாதீர்கள். வீலான் 50, 51 என்று இரண்டு தனி வழி போட்டு, எம்பிஐஓ என்ற பல வழி முறையை சர்வரில் இயக்குங்கள். ஒரு கேபிள் போனாலும் டிஸ்க் போகாது, இரண்டும் இருக்கும்போது இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளும். முடிந்தால் இரண்டு வழிக்கும் இரண்டு சுவிட்ச்.

ராயபுரத்தில் சர்வர்களின் டிஸ்க் ஓட்டமும் பேக்கப்பும் வீலான் 50-க்குள் போய்விட்டன, ஸ்கேன் கோப்புகள் நாஸின் அலுவலகக் கால் வழியாக வருகின்றன. நாஸுக்குள் இருக்கும் டிஸ்க் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்பதால், பேக்கப் நேரத்தையும் ஆறிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளினோம். ஸ்டோரேஜ் கேபிள் நான்கையும் சிவப்பு நிறத்தில் மாற்றினேன். போர்ட் கணக்கு எழுதிய காகிதத்தை, தேதி போட்டு, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கிளம்பும்போது முதலாளி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இந்த சேப்பு ஒயர்ல யாரும் கை வெக்கக் கூடாது, அவ்ளோதான தம்பி?" என்றார்.

"அவ்ளோதான் அண்ணே. புதுசா எதையாவது செருகணும்னா காகிதத்தைப் பார்த்துட்டு, எனக்கு ஒரு போன் போட்டுருங்க."